யாழ்ப்பாணத்தில் எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்து ஒரு நாடகம் போடுவதென்றால்

கேள்வி இதுதான். யாழ் நகரப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கிற ரீச்சர் ஒருவர், தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகளும் வன்னியில் இருந்து வந்து படிக்கிற மலையகக் குடும்பத்துப் பிள்ளைகளும் சேர்ந்து நடிக்கிற ஒரு சிறுவர் நாடகம் போட விரும்புகிறார். எந்தக் கதையை எடுக்கலாம், இரண்டு மொழியை எப்படிச் சமாளிப்பது, எவ்வளவு காலம் தேவை என்று கேட்டிருக்கிறார். கடைசியாக, "வழமையான ஒற்றுமை நிகழ்ச்சி மாதிரி ஆகிவிடக் கூடாது" என்றும் எழுதியிருக்கிறார். அந்த ஒரு வரிக்காகத்தான் இதை இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ரீச்சர், அந்த வழமையான நிகழ்ச்சியை நாங்கள் எல்லாரும் பார்த்திருக்கிறோம். காலையில் தெற்கில் இருந்து ஒரு பஸ் வரும். சிங்களப் பிள்ளைகள் கண்டிய நடனம் ஆடுவார்கள், எங்கள் பிள்ளைகள் பரதநாட்டியம், முஸ்லிம் பிள்ளைகள் தொப்பி போட்டுக்கொண்டு ஒரு இஸ்லாமிய கீதம். கடைசியில் எல்லாரும் மேடையில் கைகோத்து நின்று ஒரு பாட்டு, பிறகு படம், பிறகு சாப்பாட்டுப் பார்சல், பின்னேரம் பஸ் போய்விடும். அந்தக் கடைசிப் பாட்டு வரைக்கும் ஒரு பிள்ளை மற்றப் பிள்ளையோடு ஒரு வார்த்தை கதைத்திருக்காது, ஏனென்றால் ஒவ்வொரு கூட்டமும் தன் தன் பள்ளிக்கூடத்தில் தன் தன் ஆசிரியரிடம் பழகிவிட்டு வந்திருக்கிறது. அன்றைக்குப் பிள்ளைகள் கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்று: அவர்கள் அப்படி உடுப்பார்கள், நாங்கள் இப்படி உடுப்போம். இதைச் செய்தவர்கள் நல்ல மனதோடுதான் செய்தார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பிள்ளையை அதன் இனத்தின் பிரதிநிதியாக மேடையில் நிறுத்துகிற எந்த நிகழ்ச்சியும் அந்தப் பிள்ளைக்கு அநியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

எனவே நான் சொல்ல வருவது இதுதான்: பிள்ளைகள் சேர்வது ஒத்திகையில். மேடையேற்றம் என்பது அந்த ஒத்திகைகளுக்குப் பிள்ளைகளையும் தாய்தகப்பனையும் திரும்பத் திரும்ப வரவைப்பதற்கான ஒரு காரணம். கதை, மொழி, இடம், நேரம், சாப்பாடு என்று எதைத் தீர்மானிக்கும்போதும் "இது ஒத்திகையில் பிள்ளைகளை ஒருவரோடொருவர் கதைக்க வைக்குமா?" என்று கேட்டுப் பாருங்கள், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இதை நான் சும்மா சொல்லவில்லை. மட்டக்களப்பில் 1996இல், யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா தொடங்கியது. கனடாக் கலைஞர் போல் ஹோகனும் அங்குள்ளவர்களும் சேர்ந்து செய்த வேலை. தமிழ்க் கிராமங்களில் இருந்தும் முஸ்லிம் கிராமங்களில் இருந்தும் பிள்ளைகளைப் பஸ்ஸில் கூட்டிவந்து, மாதக்கணக்கில் களிமண், வர்ணம், கதை, பாட்டு, நாடகம் என்று விளையாட விட்டார்கள். ஒரே பிள்ளைகள் திரும்பத் திரும்ப வந்ததுதான் அதன் பலம். ஒருநாள் நிகழ்ச்சியாக அதைச் செய்திருந்தால் இன்றைக்கு நாங்கள் அதைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருக்க மாட்டோம்.

யாழ்ப்பாணத்துக்கும் இதில் சொந்தமாக ஒரு வழி இருக்கிறது. நாடகாசிரியர் குழந்தை ம. சண்முகலிங்கம் 1978இல் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கி, சிறுவர் நாடகத்தை இங்கே ஒரு தனி அரங்கமாக வளர்த்தெடுத்தார். பிள்ளைகளைப் பெரிய ஆட்கள் மாதிரி வசனம் மனனம் பண்ண வைக்காமல், பாட்டு, ஆட்டம், மிருக வேடம், பார்க்கிற பிள்ளைகளோடு நேராகக் கதைப்பது என்று அவர் காட்டிய பாதை இன்றைக்கும் எங்கள் நாடக ஆசிரியர்கள் பலருக்கு அடித்தளம். திருமறைக் கலாமன்றத்தை 1965இல் மரியசேவியர் அடிகளார் தொடங்கியபோது அது கத்தோலிக்க நாடகங்களுக்கானதாக இருந்தாலும், பிறகு சைவரும் அங்கே நடித்தார்கள், தெற்கில் சிங்களக் கலைஞர்களோடும் அது வேலை செய்தது. நீங்கள் வெறும் நிலத்தில் தொடங்கவில்லை. நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கிற ஆசிரியர்கள் இங்கே நிறையப் பேர் இந்த வழியில் வந்தவர்கள். ஒருவரையாவது கூடச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, யாரைச் சேர்க்கப் போகிறீர்கள் என்பதில் கொஞ்சம் நிற்க வேண்டும். தமிழ், முஸ்லிம், சிங்களம் என்று நாங்கள் உடனே மூன்றாகப் பிரித்துவிடுகிறோம், அது கண்ணுக்குத் தெரிகிற பிரிவு என்பதால். யாழ்ப்பாணத்தில் அதைவிட ஆழமான பிரிவு சாதி, அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. 1930 வாக்கில் பள்ளிக்கூடங்களில் எல்லாப் பிள்ளைகளும் சமமாக ஒரே வாங்கில் இருக்க வேண்டும் என்று வந்தபோது அதை எதிர்த்துப் பள்ளிக்கூடங்களுக்கு நெருப்பு வைத்த ஊர் இது. ஒடுக்கப்பட்ட சாதியினரையும் உள்ளே விடச் சொல்லி 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் நடந்த போராட்டத்தைக் கண்ணால் கண்டவர்கள் இன்னும் எங்களோடு இருக்கிறார்கள். இப்போது அப்படி வெளிப்படையாக இல்லைத்தான், ஆனால் ஒரு புதுப் பிள்ளை வந்தால் "எவடம்? எந்தக் கோயிலடி?" என்று கேட்கிற பழக்கம் போகவில்லை, அந்தக் கேள்வி எதற்கென்று கேட்பவருக்கும் தெரியும், கேட்கப்படுகிற பிள்ளைக்கும் பத்து வயதிலேயே தெரிந்துவிடும். உங்களுக்கு உதவிக்கு வருகிற பெரியவர்களிடம் முதல்நாளே சொல்லிவிடுங்கள், அந்தக் கேள்வி இங்கே கேட்கப்படாது என்று. விலாசம் படிவத்தில் இருந்தால் போதும், அந்தப் படிவமும் உங்கள் கையில் மட்டும் இருக்கட்டும்.

அடுத்தது பள்ளிக்கூடம். நகரத்துப் பெரிய கல்லூரிப் பிள்ளையும் தீவகத்துச் சின்னப் பள்ளிக்கூடப் பிள்ளையும் ஒரே மொழி, ஒரே சமயமாக இருந்தாலும் ஒரு அறையில் விட்டால் ஆளுக்கொரு மூலையில்தான் நிற்பார்கள். மலையகப் பிள்ளைகளின் கதை வேறு. 1958, 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு அவர்களுடைய குடும்பங்கள் வன்னிக்கு வந்து குடியேறின, இத்தனை தலைமுறை கடந்தும் அந்தப் பிள்ளை வாயைத் திறந்தால் "நீ எந்த ஊர்?" என்று கேட்கிறார்கள். முஸ்லிம் பிள்ளைகளில் பலருடைய தாய்தகப்பன் புத்தளத்தில் வளர்ந்தவர்கள். 1990 ஒக்ரோபர் 30 அன்று விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றினார்கள், வடக்கு முழுவதிலும் இருந்து சுமார் 75,000 பேர் போக வேண்டி வந்தது. திரும்பி வந்த குடும்பத்துப் பிள்ளைக்குச் சோனகதெரு தன்னுடைய ஊர்தான், ஆனால் அந்தப் பிள்ளை இங்கே புதுப் பிள்ளையும்தான். சிங்களப் பிள்ளைகள் யாழ்ப்பாணத்தில் மிகக் குறைவு, உத்தியோகத்துக்கோ வியாபாரத்துக்கோ வந்த குடும்பங்கள்.

இவ்வளவையும் சொல்வது உங்களைப் பயமுறுத்த இல்லை. ஆட்களை எடுக்கும்போது ஒரு கூட்டத்தில் இருந்து ஒற்றைப் பிள்ளையை மட்டும் எடுக்காதீர்கள் என்பதற்காக. இருபது, இருபத்தைந்து பிள்ளைகள் போதும். ஆனால் எந்தக் கூட்டமானாலும் நாலு பேராவது இருக்க வேண்டும். ஒற்றையாக வருகிற பிள்ளை எல்லாக் கேள்விக்கும் தன் இனத்துக்காகப் பதில் சொல்ல வேண்டி வரும், இரண்டாம் கிழமை வராமல் நின்றுவிடும். வயது எட்டில் இருந்து பதின்மூன்றுக்குள். ஐந்தாம் வகுப்பை விட்டுவிடுங்கள், புலமைப்பரிசில் முடியும் வரை எந்தத் தாயும் பிள்ளையை அனுப்ப மாட்டா.

நேரம் பற்றி. சமய நேரங்களைப் பார்த்துத்தான் எல்லாரும் பயப்படுவார்கள், உண்மையில் யாழ்ப்பாணத்தில் ஒத்திகையைக் கொல்வது ரியூசன். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜும்மா, பின்னேரம் கோயில். ஞாயிறு காலை பூசையும் அறநெறியும். இவற்றைத் தள்ளி வைப்பது சுலபம். சனிக்கிழமை காலை ஒன்பதில் இருந்து பன்னிரண்டுக்கு முன் முடித்தால் லுஹர் தொழுகைக்கும் இடைஞ்சல் இல்லை. ஆனால் அந்த மூன்று மணித்தியாலத்துக்கும் கணக்கு வகுப்புக் காத்துக்கொண்டிருக்கும். நீங்கள் தாய்தகப்பனிடம் நேரே போய்க் கேட்க வேண்டும், முடிந்தால் ரியூசன் மாஸ்டரிடமும் போய்க் கதையுங்கள். வகுப்பு நேரத்தை மாற்றித் தருகிற மாஸ்டர்மார் இருக்கிறார்கள். நோன்பு மாதத்தையும் நல்லூர்த் திருவிழாவின் 25 நாளையும் தவணைப் பரீட்சைகளையும் கலண்டரில் முதலே வட்டம் போட்டுவிடுங்கள். தீவுப் பகுதிப் பிள்ளைகளுக்குப் பஸ் நேரம் எல்லாவற்றையும் விட முக்கியம். நெடுந்தீவுப் பிள்ளைகளைச் சேர்ப்பதென்றால் குறிகட்டுவானில் படகு எத்தனை மணிக்கு என்பதுதான் உங்கள் ஒத்திகை நேரத்தைத் தீர்மானிக்கும், அல்லது நீங்கள்தான் அங்கே போக வேண்டும். ஒருமுறையாவது போங்கள். நகரத்துப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். எப்போதும் தாங்கள்தான் மற்றவர்களுடைய இடத்துக்குப் போகிறோம் என்ற எண்ணம் தீவுப் பிள்ளைகளுக்கு வரக்கூடாது.

இடமும் அப்படித்தான். கோயில் மண்டபம் சும்மா கிடைக்கும், தேவாலய மண்டபமும் கிடைக்கும், ஆனால் அது யாரோ ஒருவருடைய இடம். மற்றப் பிள்ளைகள் செருப்பை எங்கே கழற்றுவது என்பதிலேயே விருந்தாளி ஆகிவிடுவார்கள். பாடசாலை மண்டபம், சனசமூக நிலையம், ஒரு பெரிய மாமரத்து நிழல், இவை நல்லது. இன்னும் நல்லது, மூன்று இடங்களில் மாறி மாறி வைப்பது: ஒரு கிழமை சோனகதெருப் பக்கம், ஒரு கிழமை குருநகர், ஒரு கிழமை நல்லூர்ப் பக்கம். பிள்ளையைக் கொண்டுவந்து விட்டுவிட்டு மதிலோரம் சைக்கிளோடும் ஸ்கூட்டியோடும் காத்து நிற்கிற தாய்மார்தான் இதில் எனக்கு முக்கியமாகப் படுகிறார்கள். அவர்களுக்கு ஒரு நிழலும் நாலு கதிரையும் ஒரு கேத்தல் தேத்தண்ணியும் போடுங்கள். உள்ளே பிள்ளைகள் சேர்வதை விட மெதுவாக, ஆனால் உறுதியாக, வெளியே அவர்கள் கதைக்கத் தொடங்குவார்கள். பிள்ளையின் இருமல், பஸ், சாமான் விலை என்றுதான் தொடங்கும். அது போதும்.

இப்போது கதை. பிரிந்திருந்த இரண்டு ஊர் கடைசியில் கட்டிப்பிடித்துக்கொள்கிற கதை வேண்டவே வேண்டாம். அப்படி ஒரு கதையை எடுத்த உடனேயே யார் எந்த ஊர் என்று பிரிக்க வேண்டி வரும், பிள்ளைகள் முதல்நாளே பகையை நடிக்கப் பழகுவார்கள், கடைசிக் காட்சியில் வருகிற சமாதானத்தை ஒரு பிள்ளையும் நம்பாது. யுத்தத்தைப் பற்றி, இழப்பைப் பற்றிப் பிள்ளைகளின் சொந்தக் கதையைக் கேட்டு மேடையேற்றவும் வேண்டாம். இந்தப் பிள்ளைகள் 2009க்குப் பிறகு பிறந்தவர்கள். அம்மம்மா சொன்னதைக் கேட்டு வளர்ந்திருக்கிறார்கள், அது அவர்களுடைய வீட்டுக்குள் இருக்கிற விசயம். அவர்களாக வந்து சொன்னால் அமைதியாகக் கேளுங்கள். மேடைக்கு அது சாமான் இல்லை.

என்னுடைய யோசனை, பகிடிக் கதை. இதில் எங்களுக்கு ஒரு பெரிய அதிர்ஷ்டம் இருக்கிறது. சிங்களப் பிள்ளைகள் எல்லாருக்கும் மகதனமுத்தாவைத் தெரியும்: எல்லாம் தெரிந்தவர் என்று நினைத்துக்கொள்கிற கிழவர், கூடவே ஐந்து சீடர்கள். பானைக்குள் தலை மாட்டிய ஆட்டை எப்படி விடுவிப்பது என்று கேட்டால், முதலில் தலையை வெட்டச் சொல்வார், பிறகு தலையை எடுக்கப் பானையை உடைக்கச் சொல்வார். தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பரமார்த்த குரு. இத்தாலியில் இருந்து வந்த வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் எழுதியது, அந்தக் குருவுக்கும் ஐந்து சீடர்கள், மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன். முஸ்லிம் பிள்ளைகளில் நிறையப் பேர் முல்லா நஸ்ருதீன் கதை கேட்டு வளர்ந்தவர்கள், இருட்டில் தொலைத்த சாமானை வெளிச்சம் இருக்கிற இடத்தில் தேடுகிற முல்லா. இந்த மூன்று பேரும் ஒரு ஆற்றங்கரையில் சந்தித்தால் என்ன நடக்கும்? அதுதான் நாடகம். மிச்சத்தைப் பிள்ளைகளே கட்டுவார்கள்.

பரமார்த்த குருவின் கதையில் ஆற்றைக் கடந்த சீடர்கள் தங்களை எண்ணிப் பார்ப்பார்கள், எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுவான், ஒருவன் ஆற்றோடு போய்விட்டான் என்று எல்லாரும் அழுவார்கள். இரண்டு குருவின் சீடர்களையும் சேர்த்துப் பத்துப் பேரைக் கரையில் நிறுத்தி ஒருவன் "ஒன்று, இரண்டு, மூன்று" என்று எண்ணட்டும், ஒன்பதுதான் வரும். மற்றவன் "எக்காய், தெக்காய், துனாய்" என்று எண்ணட்டும், அதுவும் ஒன்பது. பிறகு பார்க்கிற பிள்ளைகளைக் கூப்பிட்டு எண்ணச் சொல்லுங்கள். மண்டபம் முழுக்க இரண்டு மொழியிலும் கத்தும். மகதனமுத்தாவின் சீடர்களின் பெயர்களே உடம்பை வைத்து வந்தவை, ஊசி மாதிரி மெலிந்தவன் ஒருவன், பெரிய வயிற்றுக்காரன் ஒருவன். எனவே வசனம் இல்லாமலே நடையிலும் உடம்பிலும் பாத்திரத்தைக் கொண்டுவரலாம், கூச்ச சுபாவம் உள்ள பிள்ளைக்கு இதை விட நல்ல வேடம் இல்லை. முல்லாவைப் பற்றி ஒரு கவனம்: கதையை முன்கூட்டியே முஸ்லிம் தாய்தகப்பனிடமும் முடிந்தால் ஒரு மௌலவியிடமும் காட்டுங்கள். அவரை முட்டாளாக்காமல் மற்ற இருவரையும் கேள்வி கேட்டு மடக்குகிற கெட்டிக்காரராக வைத்தால் கதைக்கும் நல்லது.

எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகள் கூடுதலாக இருந்தால் குரங்கும் முதலையும் கதை போதும். அது பஞ்சதந்திரத்திலும் இருக்கிறது, புத்த ஜாதகக் கதையிலும் இருக்கிறது, எல்லா வீட்டிலும் ஏதோ ஒரு வடிவத்தில் சொல்லியிருப்பார்கள்.

வேடம் கொடுக்கிற விசயத்தில் நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்வேன். மகதனமுத்தாவைச் சிங்களப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள், முல்லாவை முஸ்லிம் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். மாற்றிக் கொடுங்கள், ஒவ்வொரு காட்சியிலும் வேறு பிள்ளை அந்தத் தொப்பியைப் போடட்டும். தொப்பியோ தடியோ முகமூடியோ கை மாறும்போது பாத்திரமும் மாறும் என்று பார்க்கிறவர்களுக்கு ஐந்து நிமிடத்தில் விளங்கிவிடும். இன்னொன்று, பேச்சுப்போட்டிக் குரல். தமிழ்த்தினப் போட்டிகளில் பரிசு எடுத்த பிள்ளை கையை உயர்த்திக் கணீரென்று பேசும், உங்களுக்கு உடனே முதன்மைப் பாத்திரத்தை அதற்குக் கொடுக்கத் தோன்றும். கொடுத்தால் மற்றப் பிள்ளைகள் அன்றைக்கே பின்வரிசைக்குப் போய்விடுவார்கள். எல்லாரையும் கோரஸில் தொடங்குங்கள், ஒரு மாதத்துக்குப் பாத்திரமே பிரிக்க வேண்டாம்.

பிள்ளை கதைக்கிற தமிழைத் திருத்தவும் வேண்டாம். வாப்பா, உம்மா என்று சொல்கிற பிள்ளை மேடையிலும் அப்படியே சொல்லட்டும். மலையகப் பிள்ளையின் தமிழை யாழ்ப்பாணத் தமிழாக்கி மேடையேற்றினால் அந்தப் பிள்ளைக்கு நீங்கள் சொல்கிற செய்தி என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

சிங்களமும் தமிழும் கலந்த வசனத்துக்கு வருவோம். எல்லாரும் செய்கிறது, ஒரு வசனம் தமிழில், அதே வசனம் சிங்களத்தில். நாடகம் இரண்டு மடங்கு நீளும், பாதி நேரம் பாதிப் பிள்ளைகள் சும்மா நிற்பார்கள், பார்க்கிறவர்களும் தங்கள் மொழி வரும்வரை காதை மூடிக்கொள்வார்கள். அதற்குப் பதிலாகக் கேள்வி ஒரு மொழியிலும் பதில் மற்ற மொழியிலும் இருக்கட்டும். "கொஹெத யன்னே?" என்று ஒருவன் கேட்க, "சந்தைக்குப் போறன்" என்று மற்றவன் சொன்னால் தமிழ் மட்டும் தெரிந்தவருக்குக் கேள்வி பதிலில் இருந்து விளங்கிவிடும். சிங்களம் மட்டும் தெரிந்தவருக்குக் கேள்வி விளங்கும், பதிலைச் செய்கையும் கையில் இருக்கிற சந்தைக் கூடையும் சொல்லும். எடுத்துரைஞர் இரண்டு பேர், ஒருவர் தமிழ், ஒருவர் சிங்களம், ஒருவர் சொன்னதை மற்றவர் திருப்பிச் சொல்லாமல் கதையை முன்னே நகர்த்தட்டும். எங்கள் பிள்ளைகள் ஆறாம் வகுப்பில் இருந்து இரண்டாம் மொழியாகச் சிங்களம் படிக்கிறார்கள், எழுத்தெல்லாம் தெரியும், ஆனால் ஒரு சிங்களப் பிள்ளையிடம் தண்ணீர் கேட்கச் சொன்னால் நாக்கு எழாது. அந்தக் கூச்சம் வகுப்பில் போகாது. விளையாட்டில் போகும். அர்த்தமில்லாத மொழியில் சண்டை பிடிக்கிற பயிற்சி ஒன்று இருக்கிறது, இரண்டு பேரும் "கபுரு சபுரு" என்று தோன்றியதைக் கத்த வேண்டும், ஆனால் எதற்குச் சண்டை என்று மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். எந்தப் பிள்ளைக்கும் அந்த மொழி தெரியாது என்பதால் யாரும் கூச்சப்படத் தேவையில்லை. எதிரெதிரே நின்று ஒருவர் அசைவை மற்றவர் செய்கிற கண்ணாடி விளையாட்டையும் முதல் கிழமையே வையுங்கள். தொடங்குவதற்கு முன் கிளித்தட்டு. அணி பிரிப்பது பிறந்த மாதப்படி, பள்ளிக்கூடப்படி கூடவே கூடாது.

ஆட்டத்துக்கும் பாட்டுக்கும் கூத்து இருக்கிறது, இதை நான் கட்டாயம் சொல்ல வேண்டும். 1956இல் எதிரிவீர சரச்சந்திர மேடையேற்றிய "மனமே" சிங்கள நாடகத்தையே மாற்றியது, அது நின்றது நாடகம என்ற பழைய சிங்கள வடிவத்தில். அந்த நாடகம எங்கள் கூத்தில் இருந்து, மேற்குக் கரையோரக் கத்தோலிக்கர்கள் வழியாகப் போனது. அதன் வாத்தியமும் மத்தளம்தான். பிறகு அந்த வெற்றியைப் பார்த்துத்தான் பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தார். கொடுத்ததும் வாங்கியதுமாக இப்படி ஒரு உறவு இருக்கும்போது, கூத்துப் பழக்குகிற ஒரு அண்ணாவியாரைக் கூப்பிட்டு எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு தாளக்கட்டையும் ஒரு வரவு ஆட்டத்தையும் பழக்குங்கள். தமிழ்ப் பிள்ளைகளிலும் முக்கால்வாசிப் பேருக்குக் கூத்துத் தெரியாது, எனவே எல்லாரும் ஒரே இடத்தில் இருந்து தொடங்குவார்கள். றபான் ஒன்றும் வேண்டும், முஸ்லிம்களும் சிங்களவரும் இருவரும் அடிக்கிற வாத்தியம். பறையைக் கொண்டுவந்தால் மிக நல்லது, ஆனால் அதை எல்லாப் பிள்ளைகளும் முறை வைத்து அடிக்க வேண்டும். குறிப்பிட்ட ஒரு பிள்ளையின் கையில் மட்டும் அது போய் நின்றால் ஊர் என்ன கதைக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

சில முஸ்லிம் வீடுகளில் வாத்தியத்துக்கோ பெண்பிள்ளை ஆடுவதற்கோ விருப்பம் இருக்காது, அதை முதலே கேட்டுவிடுங்கள். கைதட்டு, காலடி, குரல் இவற்றை வைத்தே ஒரு பாட்டைக் கட்டலாம், ஆட்டத்துக்குப் பதிலாக எடுத்துரைஞராக அந்தப் பிள்ளை வரலாம். சாமிப் படமோ விழுந்து கும்பிடுகிற காட்சியோ இருக்கக் கூடாது. மேடையேற்ற நாளில் மங்கல விளக்கும் தேவாரமும் வைத்துத் தொடங்குவது எங்களுக்குப் பழகிய விசயம். இந்த நிகழ்ச்சியைப் பிள்ளைகள் சேர்ந்து கட்டிய பாட்டோடு தொடங்கிப் பாருங்கள்.

சாப்பாடு: முதல் மாதம் கடைப் பணிசும் வாழைப்பழமும். எல்லாருக்கும் ஒன்றுதான், மரக்கறிதான். வீட்டுச் சாப்பாட்டுக்கு அவசரப்படாதீர்கள். யாருடைய வீட்டுச் சாப்பாட்டை யார் சாப்பிடுவார் என்ற கணக்கு இந்த ஊரில் இன்னும் இருக்கிறது, பிள்ளைகளிடம் அல்ல, கொண்டுவந்து விடுகிறவர்களிடம். தண்ணீர்ப் போத்தல் கை மாறத் தொடங்கியதைக் கண்டபிறகு தாய்மாரைக் கேளுங்கள், அவர்களே மோதகமும் வட்டிலப்பமும் கொண்டுவருவார்கள்.

காசு கேட்கும்போது ஒரு விசயம். உடுப்பு, மேடை அலங்காரத்துக்குச் செலவழிக்காதீர்கள், பனையோலையும் பழைய பத்திரிகையும் கோதுமை மாப் பசையும் இருந்தால் முகமூடி வந்துவிடும், அதைச் செய்கிற ஒத்திகைதான் பிள்ளைகள் அதிகம் கதைக்கிற ஒத்திகை. காசு போவது பஸ்ஸுக்கு. பஸ்ஸும் ஒலிபெருக்கியும் சும்மா தருகிறோம் என்று பல பக்கத்தில் இருந்தும் வருவார்கள். சீருடையோடோ கட்சிக் கொடியோடோ வருகிற உதவியை மரியாதையாக மறுத்துவிடுங்கள். முன்வரிசையில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பார்த்துத்தான் இங்கே தாய்தகப்பன் பிள்ளையை அனுப்புவார்கள், ஒருமுறை நம்பிக்கை போனால் திரும்ப வராது. உங்கள் பாடசாலைப் பழைய மாணவர்களிடம் கேளுங்கள், கடைக்காரர்களிடம் கேளுங்கள்.

மேடையேற்றத்தைப் பெரிய மண்டபத்தில் தொடங்க வேண்டாம். வீரசிங்கம் மண்டபமோ பொதுநூலகத்துக்குப் பக்கத்தில் இருக்கிற புதிய கலாசார மையமோ பிறகு பார்க்கலாம். முதல் தடவை நிலத்தில், பார்க்கிறவர்கள் மூன்று பக்கமும் பாயில் இருக்க. பிரமுகர் பேச்சு நாடகத்துக்கு முன்னால் இல்லவே இல்லை, ஒப்பனையோடு பிள்ளைகளை ஒரு மணித்தியாலம் காக்க வைக்கிற கொடுமையை நாங்கள் நிறுத்த வேண்டும். அப்புறம் இதே நாடகத்தைக் குறைந்தது மூன்று இடத்தில் போடுங்கள், ஒவ்வொரு பிள்ளையின் ஊருக்கும் மற்றப் பிள்ளைகள் போக வேண்டும். இரண்டாம், மூன்றாம் மேடையேற்றத்துக்குப் போகும்போது பஸ்ஸில் யார் யாருக்குப் பக்கத்தில் இருக்கிறார்கள் என்று பாருங்கள். கைதடியில் செவிப்புலன், விழிப்புலன் இல்லாத பிள்ளைகள் படிக்கிற நுபீல்ட் பாடசாலைப் பிள்ளைகளுக்கும் ஒரு தடவை போட்டுக் காட்டுங்கள், இல்லை, முடிந்தால் அவர்களில் சிலரை முதலிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். செவிப்புலன் இல்லாத பிள்ளை உடம்பால் கதை சொல்வதைப் பார்த்தால் மொழிப் பிரச்சினைக்கு நான் மேலே எழுதியதில் பாதி தேவைப்படாது.

காலம் என்று கேட்டீர்கள். கிழமைக்கு ஒருநாள் என்றால் ஐந்து, ஆறு மாதம். அதைவிடக் குறைந்தால் செய்யாதீர்கள். முதல் மாதம் விளையாட்டு மட்டும், இரண்டாம் மாதம் கதை கட்டுவது, அதற்குப் பிறகுதான் வசனமும் பாட்டும். இடையில் இரண்டு மூன்று பிள்ளைகளை வீட்டில் நிறுத்துவார்கள், அது நடந்தே தீரும். காரணம் ரியூசனாகவும் இருக்கலாம், யாரோ சொன்ன கதையாகவும் இருக்கலாம். போன் எடுக்காமல் வீட்டுக்குப் போங்கள், வேறு இரண்டு தாய்மாரையும் கூட்டிக்கொண்டு போங்கள், அந்தப் பிள்ளையின் வேடத்தை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை என்று சொல்லுங்கள். உண்மையாகவே கொடுக்காதீர்கள். நாலு கிழமை கழித்து வந்தாலும் அந்தத் தொப்பி அந்தப் பிள்ளைக்கு இருக்க வேண்டும்.

மகதனமுத்தா கதைகளைத் தமிழில் சொல்லத் தெரிந்த ஆள் கிடைக்கவில்லை என்றால் கீழே எழுதுங்கள், நான்கைந்து கதையை ஒத்திகைக்கு ஏற்ற மாதிரிச் சுருக்கிப் போட்டு விடுகிறேன்.